சத்தம் முதலா, கை முதலா?

"கபடி கபடி கபடி கபடி…"

மூச்சு முடியப் போகிறது. சத்யப்பிரியாவின் நெஞ்சுக்கூடு அதைச் சொல்லிவிட்டது. ஆனால் இன்னும் யாரையும் தொட்டபாடில்லை.

மாட்டுப் பொங்கல். உச்சி வெயில். கீழப்பழுவூர் மைதானத்தைச் சுற்றி மொட்டை மாடியிலும் டிராக்டர் மேலும் கூட்டம் ஏறி நின்றது. குன்னம் பெண்கள் அணிக்கும் அரியலூர் பெண்கள் அணிக்கும் இறுதி ஆட்டம். குன்னம் ஒரே ஒரு புள்ளி பின்னால். இது கடைசி ரெய்டு. ஒருத்தியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் ஆட்டம் சமன்.

மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். "குன்னத்துக் குருவி உள்ள போயிடுச்சு! கூண்டு மூடுமா, மூடாதா?"

வலது மூலையில் ஜெயசுதா குனிந்து நின்றாள். அரியலூர் அணியின் கெட்டிப் பிடி அவள்தான். இடது முட்டியில் எப்போதும்போல் கறுப்பு உறை. மழையோ வெயிலோ, அதை அவள் கழற்றி யாரும் பார்த்ததில்லை. 'ஸ்டைலு காட்டறா' என்று குன்னத்துப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிப்பெல்லாம் கோட்டுக்கு வெளியேதான். அவள் கையில் கணுக்கால் சிக்கினால் அவ்வளவுதான்.

சத்யா இடது பக்கம் பாய்வதுபோல் போக்குக் காட்டினாள். ஜெயசுதா ஏமாந்து அரை அடி நகர்ந்தாள். அது போதும். கையை வீசி அவள் தோளைத் தொட்டாகிவிட்டது! இனி ஓட வேண்டியதுதான் பாக்கி. வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, உடம்பைத் திருப்பினாள்.

டப்!

காய்ந்த சோளத்தட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம். மண் எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. விழுந்தவளின் வலது காலை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு கை கணுக்காலுக்கு மேலே. ஒரு கை முட்டிக்குக் கீழே. ஜெயசுதா.

நடுவர் விசில் ஊதினார். அவள் விடவில்லை.

"ஏய், விடுடி! விசில் அடிச்சாச்சுல்ல!"

அப்போதும் விடவில்லை. குன்னம் அணியின் பயிற்சியாளர் ராஜதுரை மாஸ்டர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார். ஜெயசுதா தலையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினாள். மேளச் சத்தத்திலும் மைக் சத்தத்திலும் அது யார் காதிலும் விழவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து அவளைப் பிய்த்து எடுத்தார்கள். எழுந்தவள் கூட்டத்துக்குள் புகுந்து போயே போய்விட்டாள்.

"திருகிட்டா! பிடிச்சித் திருகிட்டா!" என்று குன்னத்துப் பக்கம் ஒரே கூச்சல். போட்டியை நேரலையில் காட்டிய கேமராவில் பார்த்தால் வரிசையாக முதுகுகள்தான் தெரிந்தன. அது எதற்கு? ஊரே கண்ணால் பார்த்திருக்கிறதே, விசிலுக்குப் பிறகும் விடாத கையை!

பொழுது சாய்வதற்குள் முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கிவிட்டது.

"டவுனுக்குப் போயிடலாம்மா" என்றார் மாஸ்டர், வாசலில் நின்றபடி.

"எதுக்குங்க மாஸ்டர்? நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் சத்யாவின் அம்மா செங்கமலம்.

செங்கமலம் சாதாரண ஆள் இல்லை. பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை. கழுத்துப் பிடிப்போ இடுப்புப் பிடிப்போ, காலையில் அவள் வீட்டு வாசலில் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். செங்கமலம் சத்துணவுக் கூடத்துக்குச் சமைக்கப் போகிற அவசரத்திலும் இடது கால் கட்டைவிரலால் மேலிருந்து கீழே மூன்று இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவாள்.

"ஊருக்கே நீவிவிடற காலு. எம் பொண்ணுக்கு நீவ மாட்டனா?"

நல்லெண்ணெய் சூடாக வந்தது. செங்கமலத்தின் காலும் வந்தது. சத்யா தாவணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

மறுநாள் செங்கமலத்தின் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கப் பேசியது.

"சத்யா அம்மாங்களா? அவ முட்டிய யாரையும் நீவ விடாதீங்க. எண்ணெ போட்டு உருவாதீங்க. ஸ்கேன் எடுத்துப் பாருங்க, உள்ள ஜவ்வு அறுந்திருக்கும்."

"யாரு நீ?"

செங்கமலம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"யாருடி நீ? என் காலப் பத்தி எனக்கே பாடம் நடத்தறியா? வெளங்காதவளே, உன்…"

மீதியைத் தெருவே நின்று கேட்டது. வசவு முடிந்தபோது அந்தப் பக்கம் இணைப்பு போயிருந்தது.

அடுத்த மாதம் திருச்சியில் மாநில அணிக்குத் தேர்வு. சத்யாவின் பெயர் பட்டியலில் இருந்தது. பெரம்பலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கனவு இல்லை. தேர்வு நெருங்க நெருங்க முட்டி வீக்கமும் வற்றியது. வலி போனது. நடந்தாள், மெல்ல ஓடியும் பார்த்தாள். செங்கமலம் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றையும் கூப்பிட்டுக் காட்டினாள். "எவளோ ஒருத்தி போன் போட்டு ஜவ்வு அறுந்துடுச்சின்னா. எங்க அறுந்திருக்கு? பாருங்க!"

வீக்கம் வற்றினால் குணமாகிவிட்டது என்று நம்பினார்களே, அங்கேதான் தப்பு நடந்தது.

தேர்வு நாள். மாஸ்டரோடு குன்னத்திலிருந்து பஸ் ஏறி, பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். திருச்சி வண்டி எதிரே புறப்பட நின்றது. "ஓடு, ஓடு, ஏறு!" என்றார் மாஸ்டர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வலது காலை ஊன்றித் திரும்பினாள்.

தொடை ஒரு பக்கம் போயிற்று. கால் ஒரு பக்கம் போயிற்று.

சிமெண்டுத் தரையில் விழுந்தவளால் இந்தத் தடவை காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கதவிடுக்கில் துணி மாட்டிய மாதிரி முட்டி பாதியில் சிக்கிக்கொண்டது. கண்ணெதிரே திருச்சி வண்டி நகர்ந்து போயிற்று. வலியைவிட அதைப் பார்த்துத்தான் அழுதாள்.

எலும்பு டாக்டர் அவளைப் படுக்கவைத்து, முட்டிக்குக் கீழே பிடித்து மெல்ல முன்னால் இழுத்தார். மேஜை டிராயர் வருகிற மாதிரி எலும்பு முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்கேனும் அதையே சொன்னது. முட்டியின் முன் ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. அறுந்த காலோடு நடந்ததிலும் ஓடியதிலும் உள்ளே இருக்கும் மெத்தையும் கிழிந்து, மடங்கி, நடுவில் மாட்டியிருந்தது.

"மறுபடி ஆட முடியுமா சார்?"

"ஆபரேஷன் நான் பண்ணிடுவேன். ஆட வைக்கறது பிசியோ நர்மதா பொறுப்பு. ஆனா ரெண்டு பேரும் சேந்தாலும் உன் பங்கு பெருசும்மா. போய் முதல்ல அவங்களப் பாரு."

துறைமங்கலம் பக்கம் ஒரு தரைத்தள அறை. சுவரோரம் பாய், மூலையில் ரப்பர் பட்டைகள். நர்மதாவுக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சில் பட்டாசு.

"முட்டியக் கதவுக் கீலுன்னு சொல்லுவாங்க. மடங்கும், நீளும், சரி. ஆனா கீலு திரும்பாது. முட்டி கொஞ்சம் திரும்பும். வில்லங்கமே அந்தக் கொஞ்சத்துலதான்." இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். "மேல தொடை எலும்பு. கீழ கால் எலும்பு. முன்னால மூடி போட்ட மாதிரி சில்லு. எலும்புக்கு எலும்பு உரசாம நடுவுல பிறை நெலா மாதிரி ரெண்டு மெத்தை. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு ஜவ்வு. நட்ட நடுவுல பெருக்கல் குறி மாதிரி ரெண்டு ஜவ்வு. அதுல முன்னால இருக்கறவன்தான் உன்னக் கைவிட்டவன். கீழ் எலும்பு முன்னால வழுக்காம இழுத்துப் பிடிச்சிருக்கறதே அவன்தான். நேரா நடந்தா அவன் இல்லாததே தெரியாது. திரும்புனா தெரியும்."

"அதான் நல்லா நடந்தேனாக்கா?"

"அதான் பஸ் ஸ்டாண்டுல விழுந்த."

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். "என் காலு இத்தன வருஷம் பொய் சொல்லல மேடம்…"

"உங்க கால நான் குத்தம் சொல்லலங்கம்மா. பிடிப்புன்னா நீவலாம். அறுந்தத நீவுனா ஒட்டுமா? தைக்கணும்ல?" என்ற நர்மதா சத்யாவிடம் திரும்பினாள். "யாராச்சும் மோதுனாங்களா?"

"அரியலூர் ஜெயசுதா பிடிச்சித் திருகுனா."

நர்மதா அவளை ஒரு நொடி பார்த்தாள். "டப்புன்னு சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சத்தம் முதல்ல கேட்டுச்சா, கை முதல்ல பட்டுச்சா?"

"கைதான்." சத்யா உடனே சொன்னாள். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள்.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு. யாருமே தொடாம அறுந்து போறதுதான் இந்த ஜவ்வுல ஜாஸ்தி."

ஆபரேஷன் முடிந்தது. தொடைக்குப் பின்னாலிருந்து அவளுடைய தசைநாரிலேயே ஒரு இழையை எடுத்து, அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்தினார்கள். கிழிந்த மெத்தையைத் தைத்தார்கள். முட்டிக்குக் கீழே உட்பக்கம் சாய்வாக ஒரு தழும்பு. அதற்கு மேலே இரண்டு பொட்டுத் தழும்புகள்.

பிறகுதான் நிஜமான ஆட்டம் தொடங்கியது.

வீட்டுக்கு வந்த நர்மதா முதல் வேலையாக ஒரு தலையணையைத் தூக்கி எறிந்தாள். செங்கமலம் பாசத்தோடு மகளின் முட்டிக்கு அடியில் செருகி வைத்திருந்த தலையணை அது.

"முட்டிக்கு அடியில வச்சா மடங்கியே ஒட்டிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டணும். குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வைங்க, முட்டி தானா நீளட்டும். இனிமே உங்க காலுக்கு வேலை இல்ல, கண்ணுக்குத்தான் வேலை. பாத்துக்கறது உங்க பொறுப்பு."

பொறுப்புக் கொடுத்தது தப்பாகப் போயிற்று. செங்கமலம் போலீஸாகிவிட்டாள். "தலகாணிய எடுடீ! குதிகால வை! தொடையை இறுக்கு! நீட்டு!" சத்துணவுக் கூடத்திலிருந்து போன் போட்டுக்கூட அதட்டினாள்.

நீட்ட வந்ததும் மடக்கும் பயிற்சி. நர்மதாவின் அறையில் மல்லாந்து படுத்து, பாதத்தைச் சுவரில் பதித்து, மெல்லக் கீழே சறுக்க வேண்டும். குதிகால் இறங்க இறங்க முட்டி மடங்கும். சுவரில் தரைக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

"அது என்னக்கா?"

"உன்ன மாதிரி ஒரு கபடிக்காரி. இதே ஜவ்வு, இதே ஆபரேஷன். அவ குதிகால் அதுவரைக்கும் எறங்குச்சு. இன்னிக்கும் ஆடிக்கிட்டிருக்கா."

"யாருக்கா அது?"

"பேரச் சொல்ல மாட்டேன். அவ யாருக்கும் சொல்லாம ஆடறா. சொன்னா என்னக் கொன்னுடுவா."

அன்றிலிருந்து முகம் தெரியாத அந்தப் பெண்ணோடு சத்யாவுக்குப் போட்டி. சித்திரை வெயிலில் டேப்புக்கு மேலே ஒரு முழம் தள்ளி நின்ற குதிகால், ஆடி மாசக் காற்று அடித்தபோது டேப்பைத் தொட்டது. ஒருநாள் தாண்டியது. சத்யா அங்கேயே ஒரு நீல டேப்பைக் கிழித்து, சிவப்புக்குக் கீழே ஒட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

"திமிர்டி உனக்கு" என்றாள் நர்மதா. முகமெல்லாம் சிரிப்பு.

ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னாள். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் விரலுக்கு நேராக நிற்க வேண்டும். "கால் ஊனியிருக்கு, முட்டி உள்ள சாஞ்சிருக்கு, உடம்பு திரும்புது. இந்த மூணும் சேந்தா போச்சு. அந்த நேரம் பாத்து வெளிப்பக்கத்துலேர்ந்து ஒருத்தர் விழுந்தா கேக்கவே வேணாம்."

சத்யா அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். ஜெயசுதாவுக்காக.

ஓடி வந்து, நின்று, திரும்பும் பயிற்சியும் வந்தது. முதல் நாள். வலது காலை ஊன்றித் திரும்பிய அந்தக் கணத்தில் உடம்பு தானாகவே கீழப்பழுவூர் மண்ணுக்குப் போய்விட்டது. வெயில், மேளம், ஊன்றிய கால், டப்! அப்புறம் மண். அப்புறம்தான்…

அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா. சத்தம்தான் முதல்ல."

நர்மதா கையிலிருந்த ரப்பர் பட்டையைக் கீழே வைத்தாள்.

"என் காலு தானாத்தான் அறுந்துச்சு. அவ கை அப்புறம்தான் வந்துச்சு." குரல் உடைந்தது. உடைந்த குரலில் கோபம் இரண்டு மடங்காக ஏறியது. "அறுந்த கால்னு தெரிஞ்சும் விடாம முறுக்கியிருக்காளேக்கா! விசில் அடிச்ச பெறகும்! அவல்லாம் என்ன ஜென்மம்?"

"அத அவளத்தான் கேக்கணும்" என்றாள் நர்மதா.

மறுபடி மாட்டுப் பொங்கல். அதே மைதானம். அதே மைக். "குன்னத்துக் குருவி பறந்து வந்துடுச்சுங்கோ!"

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். நர்மதாவும் இரண்டு கால்களையும் தாண்டவைத்து அளந்து பார்த்துத் தலையாட்டிவிட்டாள். ஆனால் சத்யாவுக்கு ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. ஆட்டத்தில், ஆள் துரத்தும்போது, இந்தக் கால் திரும்புமா?

மாஸ்டர் அவளை முதல் பாதி முழுக்க உட்காரவைத்தார். இரண்டாம் பாதியில் கண் காட்டினார். ஓரத்தில் செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டு, "முட்டிய உள்ள சாய்க்காதடி" என்று சாமி பேர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கபடி கபடி கபடி…"

நேராக வலது மூலைக்குப் போனாள். ஜெயசுதா. கறுப்பு உறை. இருவர் கண்களும் சந்தித்தன. சத்யா போக்குக் காட்டினாள். ஜெயசுதா இந்தத் தடவை ஏமாறவில்லை, பாய்ந்தாள். பிடி நழுவிற்று. பாய்ந்த வேகத்தில் அவளுடைய இடது கால் தரையில் ஊன்றி நின்றது. முட்டி உள்பக்கம் சாய்ந்திருந்தது. உடம்பு திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்றும் சேர்ந்துவிட்டன.

பிடியிலிருந்து தப்ப எகிறிக் குதித்த சத்யா அதற்கு நேர் மேலே இருந்தாள். தடுமாறி விழுகிற மாதிரி விழுந்தால் போதும். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டத்தில் நடப்பதுதானே?

கறுப்பு உறைக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சில்லு. பிறை நிலாக்கள். பெருக்கல் குறி. அது அறுந்தால் ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் படுத்திருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. தெரிந்த பிறகு எப்படி விழ முடியும்?

காற்றிலேயே உடம்பை ஒதுக்கினாள். போகிற போக்கில் ஜெயசுதாவின் முதுகைத் தட்டிவிட்டு வலது காலை ஊன்றினாள். இடுப்பைத் தாழ்த்தினாள். முட்டி விரலுக்கு நேராக நின்றது. திரும்பினாள்.

சத்தம் இல்லை!

நடுக்கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்தபோது மேளம் காதைப் பிளந்தது. செங்கமலம் கண்ணைத் திறந்து, "திரும்பிடுச்சா? திரும்பிடுச்சா?" என்று பக்கத்தில் இருந்தவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

கோப்பை அந்த வருஷமும் அரியலூருக்குத்தான் போனது. ஆனால் குன்னத்துக்காரர்கள் யாரும் தோற்ற மாதிரி நடந்துகொள்ளவில்லை. திருச்சித் தேர்வுக்கு இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார்கள் என்று மாஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சத்யாவையும், ஜெயசுதாவையும்.

பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் ஜெயசுதா தனியாக நின்றாள். சத்யா நேரே போய் முன்னால் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். போன வருஷம் விசில் அடிச்சும் ஏன் விடல?"

ஜெயசுதா தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். "உங்க ஆளுங்க ஓடி வந்தாங்கல்ல. கீழ விழுந்தா நாலு பேரா கால இழுத்து நீட்டி விடறதுதானே நம்ம ஊரு வைத்தியம்? இழுத்திருந்தா மிச்சமும் போயிருக்கும். அதான் அசையாம பிடிச்சிக்கிட்டேன். 'இழுக்காதீங்க, இழுக்காதீங்க'ன்னு கத்துனேன். எவன் கேட்டான்?"

சத்யா குனிந்து தன் வலது முட்டியைப் பார்த்தாள்.

"கமிட்டியில நம்பர் வாங்கி உங்க அம்மாவுக்குப் போன் வேற போட்டேன். யப்பா! அவங்க வைஞ்ச வசவு இருக்கே, ஒரு வாரம் சோறு எறங்கல."

"அது நீயா?" சத்யாவின் குரல் தேய்ந்தது. "கீழ விழுந்த நொடியிலேயே ஜவ்வுதான் அறுந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சே. அந்தச் சத்தத்த ஒரு தடவ கேட்டவ மறக்க மாட்டா."

ஜெயசுதா சுற்றும்முற்றும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. குனிந்து, இடது முட்டியின் கறுப்பு உறையைக் கணுக்கால்வரை உருட்டி இறக்கினாள். முட்டிக்குக் கீழே, உட்பக்கம், சாய்வாக ஒரு தழும்பு. அதற்கு மேலே இரண்டு பொட்டுத் தழும்புகள்.

"வெளிய சொல்லிடாத. தெரிஞ்சா எல்லாரும் இந்தக் கால் மேலதான் வந்து விழுவீங்க" என்றவள், நிமிர்ந்து சத்யாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன வாரம் நர்மதா அக்கா ரூமுக்குப் போயிருந்தேன். என் செவப்பு டேப்புக்குக் கீழ நீல டேப்பு ஒட்டுன கழுத நீதானா?"